அக்கா நடத்திய விகிதமுறு எண்கள்

நினைவுத் திருப்பலி முடிந்து இந்த நினைவு மலரைக் கோயில் வாசலிலோ, வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலோ பிரித்துப் பார்க்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். எங்கள் அக்கா போய் ஓராண்டாகிறது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். அதனால் இதை நான் எழுதுகிறேன்.

மலர் என்றால் போனவர் சாதித்ததை எழுத வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். "ஆயிரம் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தாங்க, எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு எழுது" என்றார். எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. அக்கா உயிரோடு இருந்து இந்த வரியைப் படித்திருந்தால் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் 'தவறு' என்று எழுதியிருப்பார். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படிப்பவர்களுக்கு இதில் ஆறுதல் குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது ராயபுரத்தில், கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில். நாங்கள் இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். அப்பா துறைமுகத்தில், கப்பலில் ஏற்றும் பெட்டிகளைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டும் வேலை பார்த்தார். அம்மா மார்க்கெட்டில் மீன் விற்றார். எனக்கும் அக்காவுக்கும் வயது வித்தியாசம் அதிகம். எனக்கு நினைவு தெரிந்த நாளில் அக்கா கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் சந்திலிருந்து கணிதம் படிக்கக் கல்லூரிக்குப் போன முதல் பெண் அவர். அந்தச் சமயத்தில்தான் கப்பலில் ஒரு கம்பி நழுவி அப்பாவின் இடுப்பில் விழுந்தது. அதன் பிறகு அப்பா நடக்கவில்லை. வீட்டின் உள்சுவரை ஒட்டிப் போட்ட கட்டிலில், அவர் இறக்கும் வரை, கிடந்தார்.

அக்கா படிப்பை விடவில்லை. சாயங்காலம் வீட்டிலேயே டியூஷன் எடுத்துப் படித்தார். அப்பாவின் கட்டிலுக்கு எதிரே தரையில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். யாராவது வாய்ப்பாட்டில் தப்பு விட்டால் கட்டிலில் இருந்தே அப்பா அதட்டுவார். பி.எட். முடித்த வருடம் ஒரு வரன் வந்தது. திருவொற்றியூரில் நல்ல குடும்பம். கல்யாணத்துக்கு அப்புறம், அம்மா மார்க்கெட்டுக்குப் போகிற நேரத்தில் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று அக்கா நேராகவே அவர்களிடம் கேட்டார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அவர்களிடமிருந்து ஆள் வரவில்லை. அக்கா அதற்கு வருத்தப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் ஷெட்டை ஒட்டியிருந்த ஒரு நடுநிலைப்பள்ளிக்கு அக்கா கணக்கு ஆசிரியையாகப் போனார். கடைசி வரை அங்கேதான் இருந்தார். ஆறு, ஏழு, எட்டு, மூன்று வகுப்புக்கும் அவர்தான் கணக்கு. கூட்ஸ் வண்டி போகும்போது ஒரு வார்த்தை காதில் விழாது. வண்டி முழுவதும் கடந்து போகிற வரை அக்கா சாக்பீஸைப் பிடித்தபடி பலகை முன்னால் நிற்பார். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். வீட்டிலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. தெருவில் லாரி போனால் பேச்சை நிறுத்திவிட்டு நிற்பார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

அவரிடம் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். கோபம் அதிகம். சமையல் வராது. பிடிவாதம் உண்டு. ஆனால் ஒரு பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் அதைத் தன் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வார். வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலும் அப்படித்தான், கடைசி வருடத்திலும் அப்படித்தான்.

எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முதல் பாடம் விகிதமுறு எண்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு எண்களை எழுதுவது, கீழே உள்ள எண் பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது, மேலே குறை எண்ணும் வரலாம். எனக்கு இவ்வளவுதான் தெரியும். அதுவும் அக்கா சொல்லிக் கேட்டது. நான் ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் வேலை செய்பவள். ஆனால் இந்தப் பாடத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேசாத வருடம் கிடையாது. ஜூன் மாதம் பள்ளி திறந்து சில நாளிலேயே அக்காவின் முகம் மாறிவிடும்.

"அரையும் மூணுல ஒண்ணும் கூட்டினா அஞ்சுல ரெண்டாம்டீ" என்பார் சாப்பிட உட்கார்ந்ததும். "மேல மேலேயும் கீழ கீழேயும் கூட்டிட்றாங்க. வகுப்பு மொத்தமும். அஞ்சுல ரெண்டு அரையை விடக் கம்மியாச்சே, கூட்டினா எப்படிடா கொறையும்னு கேட்டா, ஆமா இல்ல மிஸ்ங்கறாங்க. அடுத்த கணக்குலயும் அதையே பண்றாங்க."

"போனா போவுதுக்கா. மத்த பாடத்தைப் படிப்பாங்க" என்பேன்.

"மத்த பாடம் இதுக்கு மேலதான் நிக்குது. இத்த தாண்டாதவன் ஒன்பதாவதுல கணக்கை விட்ருவான். கணக்கை விட்டவன் பத்தாவதை விட்ருவான். அப்புறம் லாரில ஏறிடுவான். நான் பாத்துகினுதானே இருக்கேன்."

அவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். எங்கள் பகுதியில் அக்காவிடம் படித்தவர்கள் நிறைய பேர். ஷேர் ஆட்டோவில் ஏறினால் ஓட்டுபவன் திரும்பிப் பார்த்து "மிஸ்!" என்பான். மீன் மார்க்கெட்டில், பார்சல் குடோன் வாசலில், கன்டெய்னர் யார்டு கேட்டில், எல்லா இடத்திலும் இருந்தார்கள். மரியாதையாகப் பேசுவார்கள். அக்காவும் நலம் விசாரிப்பார். வீட்டுக்கு வந்ததும் "நல்ல பையன். எட்டாவதுல நின்னவன்" என்று மட்டும் சொல்வார்.

கால் கிலோ சர்க்கரை வாங்கிவரத் தெரிந்த பிள்ளை, பலகையில் ஒன்றை எழுதிக் கீழே நான்கு போட்டால் முழிக்கிறதே, அது ஏன் என்பதுதான் அவருடைய பெரிய கேள்வி. காகிதத்தை மடித்துப் பார்த்தார். கயிற்றை வெட்டிப் பார்த்தார். பள்ளி முற்றத்தில் நீளமாகச் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டு, நடுவில் பூஜ்ஜியம், வலது பக்கம் கூட்டல் எண்கள், இடது பக்கம் குறை எண்கள் என்று எழுதி, பிள்ளைகளைக் கோட்டின் மேல் நிற்கவைத்தார். அன்றைக்குப் பலருக்கும் புரிந்தது. மறுநாள் மழையில் கோடு போயிற்று. அடுத்த வாரம் வகுப்பில் கேட்டால் முக்கால்வாசி பேருக்கு அதுவும் போயிருந்தது.

கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்த வருடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அக்காவின் வாழ்க்கையில் அவர் முழு மூச்சாகப் போராடிய வருடம் அதுதான்.

அந்த வருடம் எட்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஆறையும் ஏழையும் ஒழுங்காகப் படிக்காதவர்கள். வீட்டில் ஒரே போன். அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். சில பிள்ளைகள் கையெழுத்தையே மறந்திருந்தார்கள். அக்கா ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, பாதியில் பாதி எவ்வளவு என்று எழுதச் சொன்னார். வந்த தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து என் எதிரில்தான் பார்த்தார். சில தாளில் ஒன்றுமே இல்லை. சில தாளில் 'பாதி' என்று எழுதியிருந்தது. ஒரு தாளில் படகுப் படம் இருந்தது, அழகாக வரைந்திருந்தான். அக்கா எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு, "புத்தகத்தைத் தொறக்கப் போறதில்ல. அரையில இருந்து ஆரம்பிக்கப் போறேன்" என்றார்.

தலைமையாசிரியை அம்மா பயந்தார். அவர் நல்லவர், அக்காவுக்கு நெருங்கிய தோழி. "போர்ஷன் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாராம். அக்கா, "என் பேரைச் சொல்லுங்க" என்றாராம்.

அந்த வகுப்பில் மோனிஷா என்று ஒரு பெண். அப்பா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்குபவர்; அம்மா ஒரு அலுவலகத்தில் சுத்தம் செய்பவர். கடைசி பெஞ்சு. வாயைத் திறக்க மாட்டாள். ஒரு நாள் அக்கா பூஜ்ஜியத்துக்குக் கீழே உள்ள பின்னங்களைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் முதன்முதலாகப் பேசினாள்.

"மிஸ், பூஜ்ஜியம்னா ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லாததுக்குக் கீழ இன்னா மிஸ் கீது? அதுலயும் அரையா?"

வகுப்பு சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "உங்க வூட்டு வாசப்படியில மழைத்தண்ணி ஏறுமா?" என்று கேட்டார்.

"எந்த வருசம் மிஸ் ஏறல?"

"படியை பூஜ்ஜியம்னு வெச்சுக்கோ. தண்ணி படிக்குக் கீழ அரை அடில நிக்குது. அது மைனஸ் அரை. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாக்கற, கால் அடிதான் கீழ இருக்கு. அது மைனஸ் கால். ஏறுச்சா, எறங்குச்சா?"

"ஏறிச்சு மிஸ். இன்னும் கொஞ்ச நேரத்துல உள்ள வந்துரும். கட்டில் மேல எல்லாத்தையும் தூக்கி வெக்கணும்."

"அப்ப எது பெரிசு?"

மோனிஷா யோசித்தாள். "மைனஸ் காலு மிஸ். ஆனா காலு, அரையை விட சின்னது ஆச்சே." பிறகு அவளே, "கீழ போவ சொல்ல எல்லாம் தலைகீழா பூடுது" என்றாள்.

அக்கா அன்று வீட்டுக்கு வந்து இதை எங்களிடம் நடித்தே காட்டினார். அந்தப் பெண் எப்படி நெற்றியைச் சுருக்கினாள், எப்படிக் கையால் தண்ணீர் மட்டம் காட்டினாள் என்று. அதன் பிறகு மோனிஷா முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டாள். இன்னொரு நாள், காலுக்கும் அரைக்கும் நடுவில் ஒரு எண் சொல்லச் சொன்னார் அக்கா. எட்டில் மூன்று என்றாள். காலுக்கும் அந்த எட்டில் மூன்றுக்கும் நடுவில் என்று கேட்டார். ரொம்ப நேரம் எழுதிப் பார்த்துவிட்டு, பதினாறில் ஐந்து என்றாள். அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நடுவுல எப்பவுமே ஒண்ணு இருந்துகினேதான் இருக்குமா மிஸ்? தீராதா?" என்று கேட்டாளாம்.

"தீராது" என்றாராம் அக்கா.

"அப்ப காலுக்கும் அரைக்கும் நடுவுலயே இவ்ளோ கீதா!"

இதைச் சொல்லும்போது அக்கா கண் கலங்கினார். அப்பா இறந்தபோதுகூட அவர் எங்கள் முன்னால் அழுததில்லை. "நான் இத்தினி வருசம் நடத்தினதுல இந்தக் கேள்வியை ஒரு புள்ளை கேட்டதில்லடீ. புத்தகத்துல அடுத்த பக்கத்துலதான் இருக்கு. அவ புத்தகத்தைப் பாக்கல" என்றார். ஒரு மனிதரின் வாழ்க்கையில் மகிழ்ச்சியான நாள் எது என்று கேட்டால் பலரும் கல்யாண நாளைச் சொல்வார்கள். அக்காவுக்கு அது அந்த நாள்தான்.

மற்ற பிள்ளைகளும் மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தார்கள். கீழ் எண்களைச் சமமாக்காமல் கூட்டக் கூடாது என்று பாதிப் பேருக்காவது பிடிபட்டிருந்தது. அப்போதுதான் ஆய்வுக்கு அதிகாரி வந்தார். புத்தகத்தைத் திறந்து நான்காம் பாடத்திலிருந்து கேள்வி கேட்டார். வகுப்பு எழுந்து நின்றது. ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அந்தப் பாடத்தை அக்கா தொடவே இல்லையே.

அதிகாரி கத்தவில்லை. அக்காவைத் தனியாக அழைத்து, "நீங்க நல்லாத்தான் நடத்தறீங்க டீச்சர். பசங்க நோட்டைப் பாத்தேன். ஆனா நான் எழுதிட்டுப் போக வேண்டியது போர்ஷனை. மத்த ஸ்கூல்லாம் பாதிப் புத்தகம் முடிச்சாச்சு. நீங்க முதல் பாடத்துல நிக்கறீங்க" என்றார்.

"சார், அவங்க அஞ்சாவதுல நிக்கறாங்க. நான் அவங்க கூட நிக்கறேன்" என்றார் அக்கா.

"புரியுது. நான் என்ன பண்ணட்டும்?" என்று அவர் கேட்டார். கொஞ்ச நாளில் விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. தலைமையாசிரியை அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்காகச் சொல்லல, எனக்காகப் புத்தகத்தைத் தொற" என்றார். அக்கா திறந்தார்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு பாடம் ஓடியது. அக்கா பலகையில் எழுதுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். பாதியில் விட்டுவிட்ட பின்னங்கள் சில வாரத்திலேயே கலைந்துபோயின. வருடக் கடைசியில் ஒரு தாள் திருத்தும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்து மறுபடியும் ஐந்தில் இரண்டாகியிருந்தது. பையன் அழகாக அடிக்கோடு போட்டிருந்தான். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்துவதில்லை என்பதால் எல்லோரும் தேர்ச்சி பெற்றார்கள். அந்தச் சமயம் வகுப்பு மொத்தமும் சேர்ந்து எடுத்த போட்டோ எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

மோனிஷா ஒன்பதாவது சேர உயர்நிலைப்பள்ளிக்குப் போனாள். மழைக்காலம் வந்ததும் நின்றுவிட்டாள். அவள் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு நழுவி வேலைக்குப் போக முடியவில்லை. எண்ணூர் போகிற வழியில் ஒரு பேக்கிங் கம்பெனி, வீட்டு வாசலுக்கே வேன் வரும். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்துவிட்டாள். அக்காவுக்குத் தெரிந்ததும் அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

தண்டவாளத்தை ஒட்டிய ஓர் அறை வீடு. மோனிஷாவின் அம்மா படுத்திருந்தார். எழ முயன்றார். அக்கா வேண்டாமென்று தடுத்துத் தரையில் உட்கார்ந்தார்.

"அவளை விட்றாதீங்கம்மா. அந்த மாதிரி மண்டை நான் பாத்ததில்ல" என்றார் அக்கா.

"தெரியும் மிஸ். வூட்டுக்கு வந்தா உங்க கணக்குதான் பேசுவா. சோத்தைக்கூட அரையா காலான்னு பிரிச்சுதான் தம்பிங்களுக்குப் போடுவா." அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆனா பெரியவ அவதான் மிஸ். அவங்கப்பன் வந்தா உண்டு, வராட்டி இல்ல. அவ போவலன்னா அடுப்பு எரியாது. நீங்க இன்னா பண்ண சொல்றீங்களோ சொல்லுங்க, நான் செய்றேன்."

மோனிஷா வாசலில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

கிளம்பும்போது அக்கா அவளிடம், "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எங்க வூட்டுக்கு வா. பத்தாவது தனியா எழுதலாம்" என்றார். அவள் வந்தாள். சில ஞாயிறுகள் வந்தாள். எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நோட்டின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிடுவாள். அக்கா எழுப்ப மாட்டார். எதிரில் உட்கார்ந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். எழுந்ததும் சாப்பாடு போடச் சொல்வார். அப்புறம் கம்பெனியில் ஞாயிறும் வேலை என்றார்கள். வருவது நின்றது.

பள்ளியிலும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். கோடை விடுமுறையில் அக்காவும் அங்கேயே வேலை பார்த்த தமிழாசிரியையும் வெயிலில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்க்கக் கேட்டார்கள். பெற்றோர்கள் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள். "உங்க மேல மரியாதை இருக்கு மிஸ், ஆனா புள்ளை இங்கிலீஷ்ல படிக்கட்டும்" என்றார்கள். அக்காவிடமே படித்தவர்கள்தான் அவர்களில் பலர். அந்த அலைச்சலின்போதே அடிவயிற்றில் வலி இருந்திருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை. ஒரு நாள் பள்ளியில் மயங்கி விழுந்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கருப்பையில் கட்டி. பரவிவிட்டது என்றார்கள்.

மருந்து ஏற்றிக்கொண்டு, முடி கொட்டிய தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, அக்கா பள்ளிக்குப் போனார். குரல் போய்விட்டது. கூட்ஸ் வண்டி போகாத நேரத்திலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை. பிள்ளைகள் சத்தம் போடுவார்கள், அதட்ட முடியவில்லை. பலகையில் எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். "இப்ப நான் சும்மா எழுதிப் போட்ற வாத்தியாராயிட்டேன்" என்று ஒரு நாள் சொன்னார். அந்த வருடத்தோடு நிர்வாகம் பள்ளியை மூடியது. அந்தச் செய்தி வந்தபோது அக்கா வார்டில் இருந்தார். தமிழாசிரியை வந்து சொன்னார். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "புள்ளைங்க எங்க போறாங்க?" தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கு என்றார். "அங்க கணக்குக்கு யாரு?" தமிழாசிரியை போர்வையை இழுத்து அக்காவின் காலை மூடினார்.

கடைசி மாதத்தில் மோனிஷா வந்தாள். யார் சொன்னார்களோ தெரியாது. வளர்ந்திருந்தாள். கம்பெனி சட்டை, கழுத்தில் அட்டை, கையில் ஒரு பையில் சாத்துக்குடி. கட்டில் பக்கத்தில் நின்று அக்காவின் காலைத் தொட்டுப் பார்த்தாள். வீங்கியிருந்தது. அழுதுவிட்டாள்.

அக்கா கண்ணைத் திறந்து, "சாப்டியா?" என்றார். அப்புறம் அம்மாவை விசாரித்தார், தம்பிகளை விசாரித்தார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "மைனஸ் அரை, மைனஸ் மூணுல ஒண்ணு. எது பெரிசு?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்பதுபோலத்தான் கேட்டார். ஆனால் அக்காவின் கண்ணை எனக்குத் தெரியும்.

மோனிஷா முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "மறப்பேனா மிஸ்? மைனஸ் அரைதான் பெரிசு. அரை எப்பவும் பெரிசாச்சே."

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமாம்மா" என்றார். கையைத் தூக்க முடியாமல் தூக்கி அவள் கன்னத்தைத் தொட்டார்.

அவள் போன பிறகு நான், "சரியாத்தான் சொன்னாளாக்கா?" என்று கேட்டேன்.

"இல்லடீ."

"அப்ப ஏன் ஆமான்ன?"

"அவளுக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் கணக்கைப் பற்றிப் பேசவில்லை. வலி அதிகமானதும் வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஒரு காலை, பூசை மணி அடித்துக்கொண்டிருந்தபோது, என் கையைப் பிடித்தபடி போய்விட்டார். அடக்கத்துக்கு அவரிடம் படித்தவர்கள் சந்து கொள்ளாமல் வந்து நின்றார்கள். ஆட்டோ ஓட்டுபவர்கள், லோடு ஏற்றுபவர்கள், வலை பின்னுகிறவர்கள். அன்று எல்லோரும் வேலையை விட்டு வந்திருந்தார்கள். எல்லோருமே அழுதார்கள். இவ்வளவு பேர் அன்பு வைத்திருக்கிறார்களே என்று உறவுக்காரர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அக்கா அவர்களிடம் அன்பைக் கேட்கவில்லையே என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. அவர் கேட்டது வேறு. அது கிடைக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் கூப்பிட்ட நேரத்துக்கு வண்டியோடு வந்து, அக்காவைக் குழந்தைபோல் தூக்கி உட்காரவைத்த ஆட்டோ பாஷா அண்ணனுக்கு. முகம் சுளிக்காமல் துடைத்துவிட்ட வார்டு ஆயா அம்மாக்களுக்கும் செவிலியர்களுக்கும். வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுத்த பங்குத்தந்தைக்கும் பாடகர் குழுவுக்கும். விடுப்பு மாற்றிக் கொடுத்து எனக்காகக் கவுண்டரில் உட்கார்ந்த என் சக ஊழியர்களுக்கு. ஓய்வு பெற்ற பிறகும் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்ன தலைமையாசிரியை அம்மாவுக்கு. சாத்துக்குடி வாங்கிவந்த மோனிஷாவுக்கு.

இறுதியாகத் தமிழாசிரியைக்கு. பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கு மாற்றப்பட்டார். அங்கே கணக்குக்கு ஆள் வரவில்லை. அதனால் எட்டாம் வகுப்புக் கணக்கையும் அவரையே பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மலருக்குப் போட்டோ கேட்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். "விகிதமுறு எண்களை விட்டுட்டேம்மா. எனக்கே புரியல. கைடைப் பாத்து விடையை மட்டும் போர்டுல எழுதிப் போட்டேன், எழுதிக்கினாங்க" என்றார். சொல்லிவிட்டு, அக்காவின் போட்டோவை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தார். மலரின் அட்டையில் இருப்பது அந்தப் படம்தான். கொடுத்து உதவியதற்கு அவருக்கு எங்கள் நன்றி.

தங்கை,
குடும்பத்தார் அனைவர் சார்பிலும்,
ராயபுரம்.